இரண்டாண்டு நல்கையும் முப்பதாண்டு நிரலும்

2024 டிசம்பரில், முன்பின் அறியாத ஒரு மாணவரிடமிருந்து எங்களுக்கு மின்னஞ்சல் ஒன்று வந்தது. எரிபொருளும் காற்றும் கலந்து எரிவதை மீத்திறன் கணினியில் கணித்துப் பார்க்கும் ஒரு நிரலைத் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காகப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார் அவர். அந்த நிரலில் நாங்களும் ஒரு காலத்தில் வேலை செய்திருக்கிறோம். அதில் ஓர் இடத்தில், எண்களைக் கூட்டும் ஒரு சிறு பகுதிக்கு மேலே, "இதைத் தொடாதீர்கள்" என்று குறிப்பு இருந்ததாம். ஏன் தொடக்கூடாது என்று எழுதப்படவில்லை. அவர் தொட்டுவிட்டார். தொட்டபின் அவருடைய சுடர் அணைந்துவிட்டது. "இதை எழுதியவர் நீங்கள்தாமா? காரணம் நினைவிருக்கிறதா?" என்று கேட்டிருந்தார்.

எழுதியவர் எங்களில் ஒருவர்தான். நாங்கள் கணவனும் மனைவியும். இருவரும் அறிவியல் கணிப்புத் துறையிலேயே இருபது ஆண்டுகளைக் கழித்தவர்கள். எந்த வரியை எவர் எழுதினார் என்று பிரித்துச் சொல்வது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. வீட்டிலும் அந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

கூட்டலில் அப்படி என்ன ஆபத்து இருக்க முடியும் என்று இலக்கிய நண்பர்கள் கேட்கக்கூடும். எந்த வரிசையில் கூட்டினாலும் கூட்டுத்தொகை ஒன்றுதான் என்று நமக்குத் தொடக்கப்பள்ளியில் சொல்லித்தந்தார்கள். காகிதத்தில் அது உண்மை. கணினியில் உண்மையன்று. ஏனெனில் கணினி ஒவ்வோர் எண்ணையும் குறிப்பிட்ட சில இலக்கங்களுக்குள் அடக்கியே வைத்துக்கொள்கிறது, அடங்காததை முழுமையாக்கிவிடுகிறது. மூன்றே இலக்கம் வைத்துக்கொள்ளும் ஒரு மளிகைக் கடைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு ரூபாயோடு நாற்பது பைசாவைக் கூட்டுகிறார், 100.4 அவருக்கு 100 ஆகிவிடுகிறது. மறுபடியும் நாற்பது பைசா, மறுபடியும் 100. ஆனால் முதலில் இரண்டு நாற்பது பைசாக்களையும் சேர்த்து எண்பதாக்கிவிட்டுப் பிறகு நூறோடு கூட்டினால் 100.8, அதாவது அவர் கணக்கில் 101. கடைக்காரரும் அவரே, காசும் அதுவே. வரிசை மட்டும் மாறிற்று.

மீத்திறன் கணினியில் ஆயிரக்கணக்கான செயலிகள் ஆளுக்கொரு பகுதியைக் கூட்டி, பின்னர் அக்கூட்டுத்தொகைகளைச் சேர்க்கின்றன. செயலிகளின் எண்ணிக்கை மாறினால் கூட்டும் வரிசை மாறும்; கடைசி இலக்கங்கள் மாறும். பெரும்பாலான கணக்குகளில் இது பொருட்டல்ல. நாங்கள் கணித்துக்கொண்டிருந்ததோ பற்றிக்கொள்ளலாமா அணைந்துவிடலாமா என்று விளிம்பில் நின்றுகொண்டிருந்த ஒரு சுடர். 4,096 செயலிகளில் ஓட்டினால் அது எரிந்தது. 8,192 செயலிகளில் ஓட்டினால் அணைந்தது. சமன்பாடும் தரவும் ஒன்றே. இவற்றில் எது உண்மை என்று சொல்ல எங்களால் முடியவில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஏழு மாதம் ஆயிற்று. முதல் நான்கு மாதம் வேதிவினைப் பகுதியைச் சந்தேகித்தே வீணாயிற்று. கடைசியில் அது, சமன்பாடுகளைத் தீர்த்தது போதும் என்று நிரல் முடிவெடுக்கும் இடத்தில் வரும் ஒரு கூட்டல் என்று தெரிந்தது. தரவை நிலையான துண்டுகளாக வெட்டி, செயலிகள் எத்தனையானாலும் அதே வரிசையில் கூட்டும்படி மாற்றினோம். அத்துடன் வில்லியம் கஹான் 1965இல் வெளியிட்ட ஓர் எளிய உத்தியையும் சேர்த்தோம்: ஒவ்வொரு கூட்டலிலும் உதிர்ந்துபோகும் சில்லறையைத் தனியே ஒரு பையில் போட்டுவைத்து, அடுத்த கூட்டலில் அதைத் திரும்பச் சேர்ப்பது. நிரல் நூற்றுக்கு ஆறு பங்கு மெதுவாயிற்று. சுடர் எத்தனை செயலிகளில் ஓட்டினாலும் ஒரே விடை தந்தது.

இதையெல்லாம் குறிப்பில் எழுதியிருக்கலாமே என்றால், எழுதியிருக்கலாம்தான். அப்போது எங்கள் நல்கை முடிய ஆறு வாரங்களே இருந்தன.

இங்கே கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். நாங்கள் முதன்முதலில் ஒரு கணினித் தொகுதியைக் கண்டது சென்னையில், தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில். 2004 கோடை விடுமுறையில் மாணவர்களாகப் போயிருந்தோம். அங்கே அப்போது கப்ரு என்று இமயச் சிகரமொன்றின் பெயரை வைத்து, 144 கணுக்களை இணைத்து ஒரு தொகுதியை உருவாக்கியிருந்தார்கள். குவார்க்குகளைப் பற்றிய கணக்குகளுக்காகக் கட்டப்பட்டது. அவ்வாண்டு உலகின் முதல் 500 கணினிகளின் பட்டியலிலும் அது இடம்பெற்றது. எங்களுக்கு அன்று குவார்க்கும் தெரியாது, பட்டியலும் தெரியாது. வெளியே மே மாதத்துத் தரமணி வெயில். உள்ளே குளிரூட்டிய அறையில் அந்தப் பெட்டிகளின் இரைச்சல். இதில் ஒரு வேலை கிடைத்தால் போதும் என்று இருவருக்குமே தனித்தனியாகத் தோன்றியது. (சேர்ந்து தோன்றியது பிறகு.)

மறு ஆண்டு அமெரிக்கா சென்றோம். அங்கே எங்களோடு ஒரே அறையில் அமர்ந்திருந்த மாணவருக்கு அந்நாட்டு எரிசக்தித் துறையின் கணிப்பு அறிவியல் பட்டதாரி நல்கை கிடைத்திருந்தது. 1991இல் தொடங்கப்பட்ட திட்டம் அது. நான்கு ஆண்டுகள் வரை கல்விக் கட்டணமும் உதவித்தொகையும் தருவார்கள். பணத்தைவிட அதன் நிபந்தனைகள்தாம் எங்களை ஏங்க வைத்தன. நல்கை பெறுபவர் தம் அறிவியல் துறை ஒன்றை மட்டும் படித்தால் போதாது. கணிதமும் கணினியியலும் சேர்த்துப் படித்தாக வேண்டும். ஒரு கோடையில் பன்னிரண்டு வாரங்கள் தேசிய ஆய்வகம் ஒன்றுக்குச் சென்று, தம் ஆய்வேட்டோடு தொடர்பில்லாத ஒரு கணக்கில் வேலை செய்ய வேண்டும். இந்தத் துறைக்கு ஆள் எப்படி உருவாக வேண்டும் என்று யோசித்தவர்கள் எழுதிய நிபந்தனைகள் அவை. கூடவே இன்னொரு நிபந்தனையும் இருந்தது: விண்ணப்பிப்பவர் குடியுரிமையோ நிரந்தரக் குடியேற்ற உரிமையோ உடையவராக இருத்தல் வேண்டும். எங்களிடம் இருந்தது மாணவர் விசா. அதில் குறை சொல்ல ஏதுமில்லை. அவர்கள் நாட்டு வரிப்பணம். ஆனாலும் அந்த நண்பர் தம் வழிகாட்டியிடம் "இந்தக் கோடையில் நான் இங்கே இருக்கமாட்டேன்" என்று எளிதாகச் சொன்ன நாளை நாங்கள் இருவரும் இன்றும் மறக்கவில்லை. எங்கள் சம்பளம் வழிகாட்டியின் திட்டநிதியிலிருந்து வந்தது, கோடையும் அவருடையதே.

அப்படித்தான் அந்த எரிதல் நிரல் எங்கள் கைக்கு வந்தது. அதன் முதல் வரிகள் 1989இல் ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டவை. எங்களுக்கு முன் ஒன்பது மாணவர்கள் அதில் வேலை செய்திருந்தார்கள். ஒவ்வொருவருடைய கையும் தெரியும். ஒருவர் மாறிகளுக்கெல்லாம் இரண்டெழுத்துப் பெயர் வைப்பார். இன்னொருவர் பெரிய எழுத்தில் கத்துவார். யாரோ ஒருவர் தம் காதலியின் பெயரை ஓர் அணிக்குச் சூட்டியிருந்தார். பழைய ஏட்டுச் சுவடியில் கைமாறிக் கைமாறி எழுதியவர்களின் தடம் இருப்பதைப் போல.

பட்டம் பெற்றபின், 2010இல், எங்களில் ஒருவருக்கு ஒரு தேசிய ஆய்வகத்தில் பெயர் தாங்கிய போஸ்ட்டாக் நல்கை கிடைத்தது. பெயர் தாங்கியது என்று நாங்கள் சொல்வது, இத்துறையின் முன்னோடிகள் பெயரால் வழங்கப்படும் நல்கைகளை. ஓக் ரிட்ஜில் ஆல்ஸ்டன் ஹவுஸ்ஹோல்டர் பெயரால் ஒன்று, ஆர்கானில் ஜேம்ஸ் வில்கின்சன் பெயரால் ஒன்று, பெர்க்லியில் லூயிஸ் ஆல்வரெஸ் பெயரால் ஒன்று. சாதாரணப் போஸ்ட்டாக் என்றால் இன்னொருவர் திட்டத்தில் வேலை செய்ய வேண்டும். இதில் நாமே நம் கேள்வியைத் தேர்ந்துகொள்ளலாம். நல்கை கிடைத்தவர் வாழ்வில் அவ்வளவு சுதந்திரமான ஆண்டுகள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நன்றியோடுதான் சொல்கிறோம்.

வில்கின்சனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இருக்க முடியாது. 1946இல் அவர் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சேர்ந்து ஆலன் டூரிங்கோடு வேலை செய்தார். அங்கே ஒருமுறை பதினெட்டுச் சமன்பாடுகள் கொண்ட ஒரு தொகுதியை மேசைக் கணிப்பான்களில், கைச்சுழற்சியாக, நால்வர் சேர்ந்து தீர்த்தார்கள். டூரிங்கும் அந்த நால்வரில் ஒருவர். ஏறத்தாழ இரண்டு வாரம் பிடித்தது. இவ்வளவு தூரம் முழுமையாக்கிக்கொண்டே வந்தால் பிழைகள் பெருகி விடை கெட்டுப்போயிருக்கும் என்பது அன்றைய அச்சம். ஆனால் விடையைச் சமன்பாடுகளில் திரும்ப இட்டுப் பார்த்தபோது வியக்கத்தக்க அளவு பொருந்தியது. ஏன் பொருந்தியது என்பதை விளக்குவதே வில்கின்சனின் வாழ்நாள் வேலைகளுள் ஒன்றாயிற்று. கணினி தரும் விடை, நாம் கேட்ட கேள்விக்குச் சற்றே பிழையான விடை என்று கொள்வதற்குப் பதிலாக, சற்றே மாறிய ஒரு கேள்விக்குச் சரியான விடை என்று கொள்ளலாம் என்றார். எத்தனை அழகான திருப்பம்! 1970இல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது.

அவர் அந்த ஆய்வகத்தில் 1946 முதல் 1980 வரை இருந்தார். ஹவுஸ்ஹோல்டர் ஓக் ரிட்ஜில் 1946 முதல் 1969 வரை இருந்தார். அவர்கள் பெயரால் வழங்கப்படும் நல்கைகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடுபவை. இதை அன்று நாங்கள் கவனிக்கவில்லை.

ஆய்வகத்து நாட்களைப் பற்றி விரிவாக எழுத ஒன்றுமில்லை. வெளிநாட்டவர் என்பதால் பின்னணிச் சோதனை முடிந்து கணினிக் கணக்குக் கிடைக்கப் பதினொரு வாரம் ஆயிற்று. அதுவரை காகிதத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். அதன்பின் வரிசையில் நிற்பது. பெரிய இயந்திரத்தில் நேரத்தைக் கணு-மணி என்று அளந்து தருவார்கள்; அதற்கும் தனியே விண்ணப்பம், தனியே மதிப்பீடு. நம் கணக்கு ஓடும் முறை பெரும்பாலும் அதிகாலை மூன்று மணிக்குத்தான் வரும். எங்களில் மற்றவர் அப்போது எண்ணூறு மைல் தள்ளி வேறொரு பல்கலைக்கழகத்தில் இருந்தார். மூன்று மணிக்குத் தொலைபேசி அடித்தால் சுடர் எரிந்தது என்று பொருள். அடிக்காவிட்டால் அணைந்துவிட்டது.

2012 வசந்தத்தில் நிரந்தரப் பணிக்கான நேர்காணல் நடந்தது. எந்த ஆய்வகம் என்பது வேண்டாம். எங்களிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, இந்த இரண்டு ஆண்டுகளில் புதிதாக என்ன செய்தீர்கள் என்பது. இரண்டு கட்டுரைகளைச் சொன்னோம். மூன்றாவது ஏன் இல்லை என்றார்கள். ஏழு மாதம் ஒரு கூட்டலைச் சரிசெய்ததில் போயிற்று என்றோம். அது கஹானின் பழைய உத்திதானே என்றார் ஒருவர். ஆம், பழைய உத்திதான், அது எங்கே தேவைப்படுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் ஏழு மாதம் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. ஏற்கெனவே இருந்த ஒன்றை ஒழுங்காக ஓட வைத்ததை மேசைக்கு அந்தப்பக்கம் அமர்ந்திருப்பவர்களிடம் எந்தச் சொல்லால் சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. வேலை கிடைக்கவில்லை. குழுவில் இருந்த மூத்தவர் ஒருவர் பிறகு வராந்தாவில் நிறுத்தி, "நீங்கள் செய்தது எங்களுக்கு மிகவும் தேவை. ஆனால் அதற்குச் சம்பளம் தர எங்களிடம் கணக்குத் தலைப்பு இல்லை" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதனாலேயே கோபப்படவும் முடியவில்லை.

ஜாக் டோங்காராவின் கதையை அந்த நாட்களில் நாங்கள் அடிக்கடி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதுண்டு. சிகாகோவில் பள்ளி ஆசிரியராகப் போக இருந்த இளைஞர். 1972இல் கல்லூரி மாணவராக ஆர்கானில் சில மாதப் பயிற்சிக்குப் போனார். அங்கே வில்கின்சனும் ரைன்ஷும் 1971இல் நூலாகத் தொகுத்திருந்த ஆல்கால் நிரல்களை ஃபோர்ட்ரானில் கொண்டுவரும் ஐஸ்பேக் பணி நடந்துகொண்டிருந்தது. அதில் நிரல்களைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் அமர்ந்தார். பின்னர் அங்கேயே பணியில் சேர்ந்து 1989 வரை இருந்தார். 1979இல் லின்பேக் தொகுப்பின் பயனர் கையேடு வந்தபோது, எந்தக் கணினியில் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பின்னிணைப்பில் ஓர் அட்டவணை சேர்த்தார்கள். பயனருக்கு உதவியாக இருக்கட்டும் என்று போட்டது. அந்தப் பின்னிணைப்பிலிருந்து வளர்ந்த அளவுகோலைக் கொண்டுதான் 1993 முதல் ஆண்டுக்கு இருமுறை முதல் 500 கணினிகளின் பட்டியல் வெளியாகிறது. 1992இல் வெளிவந்த லேபேக் தொகுப்பை இன்று பைத்தானில் ஓர் அணிச் சமன்பாட்டைத் தீர்க்கும் கல்லூரி மாணவர், பெயர்கூடத் தெரியாமல், பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். டோங்காராவுக்கு 2021ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது.

முன்பெல்லாம் இதை உத்வேகக் கதையாகச் சொல்லிக்கொண்டோம். இப்போது வேறொன்று கண்ணில் படுகிறது. அவருடைய திறமை ஒருபுறம் இருக்க, பழைய நிரலை மொழி மாற்றிச் சோதிப்பதை ஒரு வேலையாக மதித்து, அதற்குப் பணமும் இருக்கையும் கொடுத்து, ஆண்டுக்கணக்கில் வைத்திருந்த ஓர் இடமும் அன்று இருந்தது.

இயந்திரங்கள் நிலைப்பதில்லை. ஒரு விநாடிக்கு ஆயிரம் லட்சங்கோடிக் கணக்குகளை முதலில் எட்டிய ரோட்ரன்னர் 2008இல் பட்டியலின் முதலிடம் பிடித்தது, 2013இல் நிறுத்தப்பட்டது. 18,688 கணுக்களோடு 2012இல் வந்த டைட்டன் 2019இல் பிரித்தெடுக்கப்பட்டது. சம்மிட் 2018இல் வந்து 2024இல் ஓய்ந்தது. இயந்திரம் ஏழாண்டு, நல்கை இரண்டாண்டு, ஆய்வு மாணவர் ஐந்தாண்டு. நிரல் மட்டும் முப்பத்தைந்து ஆண்டாக இருக்கிறது. ஒவ்வொரு புதிய இயந்திரத்துக்கும் அதைத் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது. அதற்கென்று ஒருவர் இருக்கவேண்டும் என்ற எண்ணம் மெதுவாகத்தான் வந்தது. "ஆய்வு மென்பொருள் பொறியாளர்" என்ற பெயரே 2012இல்தான், பிரிட்டனில், ஆக்ஸ்போர்டில் கூடிய ஒரு பட்டறையில் உருவானது. நாங்கள் நேர்காணலில் சொல் தேடிக்கொண்டிருந்த அதே வசந்தம்! கடலுக்கு அப்பால் யாரோ அந்தச் சொல்லைக் கண்டுபிடித்திருந்தார்கள். எங்களுக்கு அது வந்துசேர ஆறேழு ஆண்டுகள் பிடித்தன. பின்னர் பிரிட்டனின் பொறியியல் ஆய்வு மன்றம் அத்தகையோருக்கென்றே நல்கைகளை அறிவித்தது. அமெரிக்காவில் 2018இல் சிறந்த அறிவியல் மென்பொருளுக்கான ஒரு நல்கை தொடங்கிற்று.

நேர்காணலுக்குப் பிறகு எங்களில் ஒருவர் ஹூஸ்டனில், நிலத்தடி எண்ணெய்த் தேக்கங்களைக் கணிக்கும் ஒரு நிறுவனத்துக்குப் போனார். சம்பளம் இரட்டிப்பாயிற்று. அங்கே பழைய நிரலைப் பேணுவது கௌரவமான வேலை. அது நின்றால் பணம் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த நிரலை வெளியில் யாரும் பார்க்க முடியாது. மற்றவர் திட்டத்துக்குத் திட்டம் தாவிக்கொண்டு ஏழு ஆண்டுகள் பல்கலைக்கழகத்தில் காலம் தள்ளி, 2019இல் அதே பல்கலைக்கழகம் புதிதாக ஏற்படுத்திய ஆய்வு மென்பொருள் பொறியாளர் பணியில் அமர்ந்தார். இருவரில் யார் சரியாகத் தேர்ந்தார் என்பதும் வீட்டில் தீராத வழக்குகளுள் ஒன்று. ஊரிலிருந்து உறவினர் பிள்ளைகள் நல்கைகளைப் பற்றிக் கேட்கும்போது, உதவித்தொகை எவ்வளவு என்று பார்ப்பதோடு, அந்த ஆய்வகத்தில் பத்தாண்டுகளாக இருக்கும் ஒருவரையாவது காட்டச் சொல்லுங்கள் என்கிறோம். பிள்ளைகள் தலையாட்டிவிட்டு உதவித்தொகை எவ்வளவு என்று மறுபடியும் கேட்கிறார்கள்.

மாணவரின் மின்னஞ்சலுக்கு வருவோம். சுடர் ஏன் அணைந்தது என்று படித்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது: புதிய இயந்திரத்தின் வேகத்துக்காக எங்கள் கூட்டலை எடுத்துவிட்டு நூலகத்தில் இருந்த வேகமான கூட்டலைப் போட்டிருக்கிறார். ஆனால் துண்டின் அளவை எப்படித் தேர்ந்தோம், எந்தச் சோதனைகளால் அதை உறுதிசெய்தோம் என்பது நினைவில்லை. வாகனக் கொட்டகையில் இருந்த அட்டைப்பெட்டிகளை மூன்று வார இறுதிகளில் பிரித்தோம். மூன்றாம் சனிக்கிழமை, 2011ஆம் ஆண்டின் சுருள்கம்பி நோட்டுப் புத்தகம் ஒன்று கிடைத்தது. இருவர் கையெழுத்தும் மாறி மாறி இருந்தன. வார இறுதிகளில் விமானம் பிடித்து வந்து சமையலறை மேசையில் போட்ட கணக்குகள் அவை. ஓரிடத்தில் பால், தக்காளி, பச்சைமிளகாய் என்று எழுதி, அதன் கீழேயே பிழை வரம்பு எழுதப்பட்டிருந்தது.

பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினோம். அவருடைய முந்தைய ஆறு மாத முடிவுகளில் நான்கை அவர் மறுபடியும் ஓட்ட வேண்டியிருந்தது; அவற்றில் ஒன்று மாறிவிட்டது. அது ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் வருவது. வழிகாட்டியிடம் சொல்லிவிட்டதாக எழுதினார். அந்த வரியில் நாங்கள் அதிகம் தூங்கவில்லை.

பிப்ரவரியில் அவர் நிரலில் ஒரு திருத்தம் அனுப்பி எங்களைப் பார்க்கச் சொன்னார். "இதைத் தொடாதீர்கள்" என்ற குறிப்பு எடுக்கப்பட்டு, அந்த இடத்தில் இருபத்தாறு வரிகளில் விளக்கம் இருந்தது: எந்தச் சுடர், எந்தச் செயலி எண்ணிக்கை, எந்தச் சோதனையை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம். இரண்டு இடங்களில் திருத்தினோம். ஏற்றுக்கொண்டார். இந்த வேலைக்கு அவர் எத்தனை நாள் எடுத்துக்கொண்டார் என்று கேட்டோம். ஒன்பது நாள் என்றும், அதை ஆய்வேட்டில் எந்த இயலில் சேர்ப்பது என்று தெரியவில்லை என்றும் பதில் வந்தது.